சின்ன கார் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முதலில் முடிவு செய்யுங்கள்: கடலூர் – புதுச்சேரி சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெக்கானிக் தம்பி என் முதல் காரின் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். கருகல் வாசனை இன்னும் அதில் இருந்தது. பழுப்பாக இருக்க வேண்டிய பட்டை, கல்லிலேயே மறந்துவிட்ட தோசை போலக் கறுத்து, ரிவெட் தலை தெரியும் அளவுக்குப் போயிருந்தது. "அக்கா, இது தேய்ஞ்சது இல்ல, எரிஞ்சது" என்றார். வண்டி ஓடியிருந்தது வெறும் 31,000 கிலோமீட்டர். வாரண்டி இருந்தும் ஒரு பைசா கிடைக்கவில்லை. கிளட்ச் தேயும் பொருள் என்று வாரண்டி புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அதை நான் படித்தது அன்றைக்குத்தான்.

நிறத்தையும் தொடுதிரையையும் பார்த்து வாங்கிய கார் அது. என் சாலைக்கு அந்த கியர்பாக்ஸ் ஒத்துவருமா என்று கேட்கத் தோன்றவில்லை, ஷோரூமிலும் யாரும் சொல்லவில்லை. அடுத்த கார் வாங்கும்போது நான்கு மாதம் அலைந்து, கேட்டு, ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். முதல் கார் வாங்கப் போகிற யாரும் அந்த நான்கு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. இரண்டு வாரம் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு சின்ன நோட்டில் தினமும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எத்தனை நிமிடம் ஊர்ந்து போனோம் என்று எழுதுங்கள். இப்போது பைக்கிலோ பஸ்ஸிலோ போனாலும் சரி, எழுதுங்கள்.

என் நோட்டு இப்படி இருந்தது: செம்மண்டலத்திலிருந்து கோரிமேடு, ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆல்பேட்டை தாண்டினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் எல்லாம் சீராகப் போகும். தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் வந்ததும் வண்டி நத்தையாகிவிடும். முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் என்று நின்று நின்றுதான் போக வேண்டும். தூரத்தில் பாதிக்கும் குறைவு, நேரத்தில் பாதிக்கும் மேல். எழுதிப் பார்க்கும் வரை எனக்கே இது உறைக்கவில்லை. "நான் ஹைவேயில் ஓட்டுகிறேன்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு 1,000 கிலோமீட்டருக்குள் ஓடுகிறவருக்கும் 2,000 தாண்டுகிறவருக்கும் ஏற்ற எஞ்சின் ஒன்றாக இருக்காது. அதனால் இந்த எண் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. எஞ்சின்: மூன்று கேள்வி போதும்

டர்போவா, சாதா பெட்ரோலா? டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டும் கருவி. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்தான் சின்ன கார்களில் அதிகம். ஐ10 நியோஸில் 1,197 சிசி (எஞ்சினின் கொள்ளளவு), நான்கு சிலிண்டர். அமேஸில் 1,199 சிசி, நான்கு சிலிண்டர். 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டில் 1,197 சிசி, ஆனால் மூன்று சிலிண்டர். பஞ்சிலும் மூன்று. நான்கு சிலிண்டர் சிக்னலில் நிற்கும்போது அமைதியாக இருக்கும். மூன்று சிலிண்டரில் ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் தெரியும். மூன்று சிலிண்டர் என்றாலே சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதில் உண்மை இல்லை. நடுக்கம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டர்போ ஒரு லிட்டர் எஞ்சினில் இழுவை நிச்சயம் அதிகம். மேக்னைட்டில் சாதா எஞ்சின் 96 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது, அதே வண்டியின் டர்போ 160 தருகிறது. ஐந்து பேரோடு ஏசி போட்டுக்கொண்டு லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் டர்போவில் சூடு அதிகம், உதிரிபாகமும் அதிகம். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் முதலில் அடிபடுவது டர்போதான். சரியான தர ஆயிலை நாள் தவறாமல் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிற வீட்டுக்கு சாதா எஞ்சின்தான் நல்லது.

டீசலா? மாதம் 2,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடினால் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி தொடர்ந்து கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் முதலியார்பேட்டையிலிருந்து தினமும் ஆறு ஏழு கிலோமீட்டர் மட்டும் டீசல் காரில் வந்துபோனார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கவே திண்டிவனம் வரை ஒரு நடை போய்வருவார்.

டைமிங் செயினா, பெல்ட்டா? எஞ்சினின் வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் இணைப்பு இது. இதைக் கேட்டால் விற்பனையாளர் பாதிப் பேர் விழிப்பார்கள். விடாதீர்கள், சர்வீஸ் பிரிவில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். செயின் என்றால் நல்ல ஆயிலோடு எஞ்சினின் ஆயுள் வரை வரும்படி செய்தது. பெல்ட் என்றால் கம்பெனி சொல்லும் கெடுவுக்குள் மாற்றியாக வேண்டும். அறுந்தால் எஞ்சின் உள்ளேயே நொறுங்கிவிடலாம். பெல்ட் உள்ள வண்டி மோசம் என்று சொல்லவில்லை. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) பற்றி ஒரு வரி: கம்பெனியில் பொருத்தி வருவதை மட்டும் எடுங்கள். சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை செய்து சான்று வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. கியர்பாக்ஸ்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம்

ஷோரூமில் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே வார்த்தையில் நான்கு வெவ்வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மேனுவல். விலை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். கால் வலி, முட்டி வலி இல்லாதவர்களுக்கு இன்னமும் இதுதான் நம்பகமானது. நெரிசலில் காலை கிளட்சிலேயே வைத்து பாதி கிளட்சில் ஓட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் பிளேட் சீக்கிரம் போகும்.

ஏஎம்டி. இதுதான் என் முதல் கார். மேனுவல் கியர்பாக்ஸேதான், உள்ளே கிளட்ச் பிளேட்டும் உண்டு. உங்கள் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு சின்ன மோட்டாரோ ஹைட்ராலிக் கருவியோ செய்கிறது, அவ்வளவுதான். மேனுவலைவிட சுமார் 50,000 ரூபாய் கூடும், மைலேஜ் குறையாது. நான் செய்த தவறு என்னவென்றால், நூறடிச் சாலை மேம்பாலத்தில் வண்டிகள் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்த ஒவ்வொரு நிமிடமும் கிளட்ச் பாதி பிடித்தபடி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏஎம்டி வாங்கினால் ஏற்றத்தில் எப்போதும் பிரேக் அல்லது ஹேண்ட்பிரேக். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் நியூட்ரல். பல ஏஎம்டி வண்டிகளில் 'பி' (பார்க்கிங்) நிலை கிடையாது. கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏற்றத்தில் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள்.

டார்க் கன்வர்ட்டர். கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது. ஆட்டோமேட்டிக் வகையில் மிகப் பழையதும் உழைப்பதும் இதுதான் என்பேன். ஃப்ரான்க்ஸ் டர்போவிலும் கைலாக்கிலும் இதன் 6 கியர் வகை வருகிறது. விலை கூடுதல், ஊருக்குள் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். நெரிசலில் அலுங்காமல் போகும்.

சிவிடி. கியர் என்று தனித்தனியாக இல்லை. இரண்டு புல்லிக்கு நடுவே ஒரு உலோக பெல்ட். ஊருக்குள் வெண்ணெய் மாதிரி போகும். அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். கம்பெனி சொல்லும் அதே ஆயிலை, சொல்லும் கெடுவில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். வெளியே ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால் கெட்டது.

டூயல் கிளட்ச். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்வது. நெடுஞ்சாலையில் ஓட்ட ஆனந்தமாக இருக்கும். இதில் ட்ரை, வெட் என்று இரண்டு வகை. ட்ரை வகையில் கிளட்சைக் குளிர்விக்க எண்ணெய் இல்லை. மரப்பாலம் மாதிரி இடத்தில் மே மாத மதியம் ஊர்ந்தால் சூடேறி எச்சரிக்கை காட்டக்கூடும். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் ட்ரை டூயல் கிளட்ச் கார்கள் பற்றி ஏராளமான புகார்கள் வந்தன. அந்த வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக 2018-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இன்றைய வண்டிகள் அதே தரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர் "ட்ரையா வெட்டா" என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

என் நோட்டைப் பார்த்து நான் எடுத்தது: டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் 1.2 பெட்ரோல், சிவிடி. உங்கள் நோட்டு வேறு பதில் சொல்லலாம். வாரத்தில் நான்கு நாள் பண்ருட்டி, விருத்தாசலம் என்று சுற்றும் என் தம்பிக்கு மேனுவல்தான் சரியாக இருந்தது.

4. விலையில் உள்ள கோடுகளைத் தாண்டாதீர்கள்

எஞ்சின் அளவு வரியையும் மாற்றும். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசல் என்றால் 1,500 சிசி வரை. இதில் ஒரு கோடு தாண்டினாலும் 40 சதவீதம். பிரெஸ்ஸாவின் நீளம் 4 மீட்டருக்குள்தான், ஆனால் எஞ்சின் 1,462 சிசி என்பதால் 40 சதவீதத்தில் வந்துவிடுகிறது.

அடுத்தது தமிழ்நாட்டு ஆயுள்கால சாலை வரி. 2023 நவம்பரில் திருத்தியபடி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். கணக்குப் போடுங்கள்: 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலை வித்தியாசம் 20,000, வரி வித்தியாசம் 53,100. ஆட்டோமேட்டிக் டாப் மாடல்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும். 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது மட்டும் வருமான வரி கணக்கில் திரும்பக் கிடைக்கும், ரசீதை வைத்திருங்கள்.

இன்சூரன்ஸிலும் ஒரு கோடு உண்டு. 2022 ஜூன் கட்டணப்படி புதுக் காருக்கான 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது), 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய்.

5. டெஸ்ட் டிரைவை உங்கள் சாலையில் எடுங்கள்

ஷோரூம்காரர் காலியான பைபாஸில் ஐந்து நிமிடம் சுற்றிக் காட்டுவார். அது போதாது. வார நாளில், மாலை 6 மணிக்கு நேரம் கேளுங்கள். கடலூர் என்றால் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு நடை, அப்புறம் கேப்பர் மலை ஏற்றம். புதுச்சேரி என்றால் நேரு வீதி, அப்புறம் ஏதாவது ஒரு ரயில்வே மேம்பாலம். வீட்டில் யார் யார் வழக்கமாக ஏறுவார்களோ அவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியும் ஓடட்டும்.

ஏற்றத்தின் நடுவே முழுசாக நிறுத்தி, பிரேக்கை விட்டு, மறுபடி கிளப்பிப் பாருங்கள். பின்னால் எவ்வளவு உருள்கிறது, எவ்வளவு குலுங்குகிறது என்று கவனியுங்கள். ரிவர்ஸில் மெதுவாகக் கூட்டத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். பாட்டு வேண்டாம், எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் வாங்கப் போகிற அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ்தானா என்று டெஸ்ட் வண்டியின் ஆர்சியை (பதிவுச் சான்று) பார்த்து உறுதி செய்யுங்கள். எனக்கு ஓட்டக் கொடுத்தது டர்போ, கொட்டேஷன் போட்டது சாதா எஞ்சினுக்கு.

6. ஷோரூமுக்குப் பின்வாசல் வழியாகவும் போங்கள்

சர்வீஸ் பிரிவில் காலை 9 மணிக்கு வண்டி விட வருகிறவர்களிடம் பேசுங்கள். நம் ஊரில் கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? கியர்பாக்ஸ் திறந்தாங்களா? பார்ட்ஸ் எத்தனை நாள்ல வந்துச்சு?" இந்த மூன்றும் போதும். கியர்பாக்ஸ் வேலை இங்கேயே செய்வார்களா, சென்னைக்கு அனுப்புவார்களா என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். சென்னைக்கு என்றால் பத்து நாள் கார் இல்லாமல் இருக்கத் தயாராக வேண்டும்.

7. கடலூர் எண்ணா (டிஎன் 31), புதுச்சேரி எண்ணா (பிஒய் 01)? இந்த வலையில் விழாதீர்கள்

புதுச்சேரியில் சாலை வரி குறைவு. "மேடம், முதலியார்பேட்டையில ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கலாம், வரி மிச்சம்" என்று எனக்கும் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47ஆம் பிரிவுப்படி எண்ணை மாற்ற வேண்டும். அப்போது இங்கே வரியும் கட்ட வேண்டும். பொய் முகவரி கொடுத்தது வெளியே வந்தால் வழக்கும் வரும். புதுச்சேரியில் உண்மையாகவே குடியிருந்தால் அங்கே பதிவு செய்யுங்கள், கடலூரில் இருந்தால் கடலூரில்.

கையில் வேண்டியவை: ஆதார், பான், முகவரிச் சான்று, புகைப்படங்கள். லோன் என்றால் 3 மாதச் சம்பளச் சீட்டு, 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஃபார்ம் 16 அல்லது வருமான வரிக் கணக்கு. ஷோரூம் தர வேண்டியவை: பதிவு விண்ணப்பமான ஃபார்ம் 20, விற்பனைச் சான்றான ஃபார்ம் 21, கம்பெனியின் தகுதிச் சான்றான ஃபார்ம் 22. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்சி விரைவுத் தபாலில்தான் வருகிறது. கதவு எண்ணோ செல்போன் எண்ணோ தவறாக இருந்தால் திரும்பிப் போய்விடும். ஃபார்ம் 20-இல் கையெழுத்துப் போடும்முன் அந்த இரண்டையும் விரல் வைத்துப் படியுங்கள்.

8. மழையை நினைத்து இன்சூரன்ஸ் எடுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடே வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அந்த எஞ்சின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் தனியாக எடுக்க வேண்டும். 'பம்பர் டு பம்பர்' (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன்) எடுத்துவிட்டோம், இதுவும் அதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளை நீட்டினாலே ஷோரூமில் குறைப்பார்கள். கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

9. பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன் வண்டியைப் பாருங்கள்

பதிவு முடிந்த பிறகு குறை கண்டுபிடித்தால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். அதனால் சேஸிஸ் எண்ணை முதலில் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் யார்டுக்கே போய்ப் பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் சேஸிஸ் எண்ணில் குறியீடாக இருக்கும், ஃபார்ம் 21-இலும் வரும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3525 என்றால் 2025-இன் 35ஆம் வாரம். டயர் ஓரிரு மாதம் முன்பின் இருக்கலாம், ஓர் ஆண்டு வித்தியாசம் இருந்தால் கேளுங்கள். ஆடியிலும் டிசம்பரிலும் தள்ளுபடி அதிகம். டிசம்பரில் மட்டும் தயாரிப்புத் தேதியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

பானெட்டைத் திறந்து ஆயில், கூலன்ட் அளவு, எஞ்சின் அடியில் ஈரம், பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். யார்டு கடலோரமாக இருந்து வண்டி பல மாதம் நின்றிருந்தால் போல்ட் தலைகளிலும் சைலன்சர் இணைப்பிலும் துரு தெரியும். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

10. முதல் 1,000 கிலோமீட்டர்

ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், மாற்றி மாற்றி, முழுசாக அழுத்தாமல் ஓட்டுங்கள். டர்போ என்றால் நெடுஞ்சாலையிலிருந்து வந்ததும் அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். முதல் இலவச சர்வீஸைத் தேதி தாண்ட விடாதீர்கள், வாரண்டி அதில் நிற்கிறது. ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைகளை எழுதித் தரும் தாள்) ஊற்றிய ஆயிலின் தரக் குறியீடு எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளை ஆர்சி நகலோடு ஒரே கவரில் வையுங்கள். கியர் மாறும்போது சின்ன உதறல் தெரிந்தாலும் செல்போனில் வீடியோ எடுத்து, கிலோமீட்டரைக் குறித்து, ஜாப் கார்டில் புகாராக எழுத வையுங்கள். சர்வீஸ் ஆள் "போகப் போகச் சரியாகிடும்" என்றாலும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி முடியும் தறுவாயில் பேசும்போது அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் நிற்கும்.